இருமல் நின்ற பிறகும் ஆறு மாதம் மருந்து ஏன்? காசநோயும் நுரையீரலுக்குள் குறையும் ஆக்சிஜனும்

"டாக்டர், இருமல் நின்னுப்போச்சு. காய்ச்சலும் இல்ல. நல்லா சாப்பிடுறேன். இன்னும் எதுக்கு நாலு மாசம் மருந்து?"

காசநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். தங்கா பத்து, சுங்கை ஊடாங், பாயா ரும்புட் என்று எங்கே இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். வேலைக்கு லீவு போட்டு கிளினிக்கிற்குப் போவது, பஸ்ஸுக்குக் காத்திருப்பது, மாத்திரை விழுங்கியதும் வயிற்றைப் புரட்டுவது, எல்லாம் சேர்ந்து ஒருவரைச் சலிப்படைய வைக்கும். உடம்பு தேறிவிட்டது என்று தோன்றும்போது மருந்தை நிறுத்தத்தான் மனசு சொல்லும்.

ஆனால், அந்த மீதி நான்கு மாதங்களுக்குப் பின்னால் ஒரு வலுவான காரணம் இருக்கிறது. நம் நுரையீரலுக்குள், ஆக்சிஜன் சரியாகப் போய்ச்சேராத மிகச் சிறிய மூலைகளில், நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் கிருமிக்கும் நடக்கும் போராட்டம்தான் அந்தக் காரணம். அங்கே என்ன நடக்கிறது? அது சிகிச்சையை எப்படிப் பாதிக்கிறது? பார்ப்போம்.

காசநோய் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2023ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் கண்டது. சுமார் 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள். மலேசியாவிலும் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 25,000 பேர் அளவில் இந்நோய் பதிவாகிறது.

நம் தாத்தா பாட்டி காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் மலாயாவில் அதிக உயிர்களைப் பறித்த நோய்களில் காசநோய் முன்னணியில் இருந்தது. அதனால்தான் 1961இல் தேசியக் காசநோய் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. குழந்தை பிறந்ததும் கையில் போடும் பிசிஜி ஊசி அதன் ஒரு பகுதி. அந்த ஊசி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து நன்றாகக் காக்கும். பெரியவர்களின் நுரையீரலுக்கு அந்த அளவு பாதுகாப்பு தராது. "எனக்குத்தான் தழும்பு இருக்கே" என்று யாரும் அலட்சியமாக இருக்க முடியாது.

கிருமி உள்ளே போனதும் என்ன நடக்கும்?

நோய் உள்ளவர் இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியை நாம் மூச்சில் இழுக்கிறோம். அது நுரையீரலின் காற்றுப் பைகளுக்குப் போகிறது. அங்கே காவலுக்கு இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் அதை விழுங்குகின்றன. மற்ற கிருமிகள் என்றால் கதை பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். காசநோய்க் கிருமி மட்டும் விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடியிருக்கப் பழகியது.

உடனே உடம்பு மேலும் செல்களை அனுப்பி, கிருமி உள்ள இடத்தைச் சுற்றி வளைக்கிறது. இப்படி உருவாகும் சின்னக் கட்டிக்கு கிரானுலோமா என்று பெயர். பால் வெட்டியவர்களுக்கு இதைச் சொன்னால் எளிதில் புரியும். மரத்தின் வெட்டுவாயில் வடிந்த பால் உறைந்து காயத்தை மூடிவிடுகிறது அல்லவா? அதுபோல உடம்பும் கிருமியை ஒரு கட்டிக்குள் வைத்து அடைத்துவிடுகிறது.

பெரும்பாலானவர்களுக்கு இந்த அடைப்பு வாழ்நாள் முழுக்கத் தாங்கும். உலக மக்களில் சுமார் நான்கில் ஒருவரின் உடம்பில் இந்தக் கிருமி நுழைந்திருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு மட்டுமே வாழ்நாளில் ஒரு கட்டத்தில் நோய் வருகிறது.

ஆக்சிஜன் எப்படிக் குறைகிறது?

கட்டி பெரிதாகும்போது அதன் நடுப்பகுதியில் உள்ள செல்கள் செத்து, பாலாடைக்கட்டி போல் மெத்தென்று ஆகிவிடுகின்றன. அங்கே இரத்தக் குழாய் இல்லை. ஓரத்தில் இருக்கும் குழாய்களும் கோணல்மாணலாக, ஒழுகிக்கொண்டு இருக்கும். இரத்தம் போகாத இடத்துக்கு ஆக்சிஜனும் போகாது.

2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 160 மில்லிமீட்டர் பாதரசம். முயல்களின் காசநோய்க் கட்டிக்குள் அது 2 மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை. கினிப் பன்றிகளிலும் குரங்குகளிலும் இதே நிலைதான் தெரிந்தது. பின்னர், ஆக்சிஜன் குறைந்த இடங்களை ஒளிரச் செய்யும் சிறப்பு ஸ்கேன் மூலம் காசநோயாளிகளின் நுரையீரலிலும் இப்படிப்பட்ட பகுதிகள் இருப்பது உறுதியானது.

ஒன்றை மறக்க வேண்டாம். கோவிட் காலத்தில் விரலில் மாட்டினோமே, அந்த ஆக்சிமீட்டர் இதைக் காட்டாது. அது இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்கிறது. அதில் 98 என்று வந்தாலும், கட்டியின் நடுவில் மூச்சுமுட்டும் நிலை இருக்கலாம்.

மூச்சு முட்டுவது செல்லுக்கு எப்படித் தெரியும்?

இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நம் செல்களில் ஹிஃப்-1 என்ற புரதம் ஓயாமல் தயாராகிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது அதன் ஒரு பாதியை, தயாரான சில நிமிடங்களிலேயே செல் அழித்துவிடுகிறது. அந்த அழிப்பு வேலைக்கே ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜன் குறைந்தால் அழிக்கும் வேலை நின்றுவிடும். அப்போது ஹிஃப்-1 சேர்ந்துகொண்டே போய், செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது.

செல் உடனே தன் பிழைப்பு முறையை மாற்றுகிறது. ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை எரித்துச் சக்தி எடுக்கிறது. புது இரத்தக் குழாய் வளரச் சொல்லிச் சைகை அனுப்புகிறது. நோய் எதிர்ப்புச் செல்களில் கிருமி நுழைந்தாலே, ஆக்சிஜன் குறையாமலும்கூட, இந்த ஹிஃப்-1 எழும்பிவிடும். அவற்றுக்கு இது ஒரு போர் மணி மாதிரி.

இது நமக்கு நல்லதா, கெட்டதா?

இரண்டும்தான். சிக்கலே அதில்தான் இருக்கிறது.

முதலில் நல்லது. எலிகளின் மேக்ரோஃபேஜ் செல்களில் ஹிஃப்-1 வேலை செய்யாமல் தடுத்தபோது, அவற்றால் காசநோய்க் கிருமியை அடக்க முடியவில்லை என்று 2016இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அதற்கு முன்பே, 2013இல், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் வரிக்குதிரை மீன்களில் ஒரு சோதனை செய்தார்கள். காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமியை மீனுக்குள் செலுத்தி, தொடக்கத்திலேயே ஹிஃப்-1ஐத் தூண்டிவிட்டார்கள். கிருமி எண்ணிக்கை குறைந்தது. ஆக, தொற்றின் ஆரம்பத்தில் இந்தப் போர் மணி நமக்குத் துணை.

இப்போது கெட்டது. நோய் முற்றி, ஆக்சிஜன் குறைந்த நிலை வாரக்கணக்கில் நீடித்தால் அதே செல்கள் வீட்டையே இடிக்கத் தொடங்குகின்றன. நுரையீரலைத் தாங்கி நிற்பது கொலாஜன் என்ற நார்ப்பொருள். ஆக்சிஜன் குறைந்த சூழலில் மேக்ரோஃபேஜ் செல்கள் இந்த நாரை அறுக்கும் நொதிகளை அதிகமாகச் சுரக்கின்றன. நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளணுவும் அப்படித்தான். சாதாரணமாகச் சீக்கிரம் செத்துப்போகும் அது, ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கூடுதல் நேரம் உயிரோடிருந்து, கூடுதல் நொதிகளைக் கொட்டுகிறது.

விளைவு? நுரையீரலில் ஓட்டை விழுகிறது. எக்ஸ்ரேயில் டாக்டர் காட்டும் அந்தக் குழிவு இதுதான். குழிவு மூச்சுக்குழாயோடு இணைந்ததும் அங்கே காற்று தாராளமாகப் போகும். அதுவரை அடங்கியிருந்த கிருமி வேகமாகப் பெருகும். ஒவ்வொரு இருமலிலும் வெளியே வரும். வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் பரவுவது இப்படித்தான்.

நோய் குணமான பிறகும் சிலருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கும் இந்தச் சேதமே காரணம். கிருமி போனாலும் அறுந்துபோன நார் திரும்ப முளைப்பதில்லை.

கிருமி தூங்குமா?

தூங்கும் என்றே சொல்லலாம். அமெரிக்க விஞ்ஞானி லாரன்ஸ் வெய்ன் இதை ஆய்வுக்கூடத்தில் காட்டினார். கிருமியை மூடிய குழாயில் வளர்த்து, உள்ளே இருக்கும் ஆக்சிஜன் மெதுவாகத் தீரும்படி விட்டார். திடீரென்று ஆக்சிஜனை நிறுத்தினால் கிருமி செத்துவிடுகிறது. மெதுவாகக் குறைத்தாலோ, அது பெருகுவதை நிறுத்திவிட்டு, உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. ஆக்சிஜன் திரும்ப வந்ததும் எழுந்து வேலையைத் தொடங்குகிறது.

கட்டிக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். அங்கே ஆக்சிஜன் மெதுவாகவே குறைகிறது. மூச்சுமுட்டும் செல்கள் தமக்குள் கொழுப்புத் துளிகளைச் சேர்த்துவைக்கின்றன. தூங்கப்போகும் கிருமிக்கு அதுவே கட்டுச்சோறு.

மருந்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நம் நாட்டில் வழக்கமான சிகிச்சை இதுதான். முதல் இரண்டு மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்புட்டால் என்ற நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் மட்டும்.

ஐசோநியாசிட், கிருமி தன் சுவரைக் கட்டும்போது தாக்கும். வேகமாகப் பெருகும் கிருமி இதில் சீக்கிரம் சாகும். முதல் சில நாட்களிலேயே கிருமி எண்ணிக்கை சரிவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஆனால், தூங்கும் கிருமி சுவர் கட்டுவதில்லை. அதன்மேல் இந்த மருந்து கிட்டத்தட்ட வேலை செய்யாது.

ரிஃபாம்பிசின், அரைத்தூக்கத்தில் இருந்து அவ்வப்போது கண் விழிக்கும் கிருமியையும் பிடிக்கும். சிகிச்சையின் முதுகெலும்பு இதுதான்.

பைரசினமைட், அமிலத்தன்மை உள்ள இடத்தில் நன்றாக வேலை செய்யும். மெதுவாக இயங்கும் கிருமியை அழித்து, சிகிச்சைக் காலத்தைக் குறைக்க உதவியது.

எத்தாம்புட்டால், மற்ற மருந்துகளுக்குக் கிருமி பழகிவிடாமல் காவல் நிற்கிறது.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இரண்டாம் மாத முடிவில் இருமல் நிற்பதற்குக் காரணம், ஓடியாடிக்கொண்டிருந்த கிருமி செத்துவிட்டது. கட்டிக்குள் மூச்சடக்கிக் கிடக்கும் கிருமி இன்னும் மிச்சம் இருக்கலாம். அது ஒவ்வொன்றாக விழிக்க விழிக்க அடிப்பதற்குத்தான் மீதி நான்கு மாதம். நடுவில் மருந்தை விட்டால், மிச்சம் இருப்பது மறுபடி பெருகும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால், மருந்துக்குச் சாகாத கிருமிக்கு வழி திறந்துவிடும்.

இது வெறும் ஊகம் இல்லை. வலுவான மருந்துகளைச் சேர்த்து ஆறு மாதத்தை நான்காகக் குறைக்கச் செய்த மூன்று பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2014இல் வெளிவந்தன. சளியில் கிருமி சீக்கிரம் மறைந்தாலும், பின்னர் அதிகம் பேருக்கு நோய் திரும்பியது. சளி சுத்தமானதால் கட்டி சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. 2021இல்தான், ரிஃபாபென்டின், மாக்ஸிஃப்ளாக்சசின் அடங்கிய நான்கு மாத முறை ஒன்று ஆறு மாத முறைக்கு இணையாகத் தேறியது. அதைக்கூட டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நுரையீரலில் குழிவு உள்ளவர்களுக்கு, இரண்டு மாத மருந்துக்குப் பிறகும் சளியில் கிருமி வளர்ந்தால், நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். அத்தகையவர்களுக்குச் சிகிச்சையை ஒன்பது மாதமாக நீட்டுவதும் உண்டு. "பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறு மாசம், எனக்கு மட்டும் ஏன் ஒன்பது?" என்று கோபப்பட வேண்டாம்.

புதிய வழிகள் என்ன?

கிருமியை மட்டும் அடிக்காமல், நம் செல்களின் போக்கையும் சரிசெய்தால் என்ன என்று இப்போது யோசிக்கிறார்கள்.

சிங்கப்பூரில் 30 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமான காசநோய் மருந்தோடு, டாக்ஸிசைக்ளின் என்ற பழைய மருந்தைச் சிலருக்கு 14 நாட்கள் கொடுத்தார்கள். நாரை அறுக்கும் நொதிகள் அடங்கின, நுரையீரல் குழிவின் அளவும் குறைந்தது. 2021இல் வந்த இந்த முடிவு நம்பிக்கை தருகிறது. ஆனால் 30 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. பார்மசியில் வாங்கி நீங்களாகவே சாப்பிடும் அளவுக்கு இது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ராகேஷ் ஜெயின் குழு வேறொரு வழியில் போனது. மூச்சுமுட்டும் செல்கள் அனுப்பும் சைகையால் வளரும் ஒழுங்கற்ற இரத்தக் குழாய்களை, புற்றுநோய்க்குத் தரும் மருந்து ஒன்றால் சீராக்கினார்கள். முயல்களின் கட்டிகளில் ஆக்சிஜன் குறைந்த பகுதி சுருங்கியது, சிறிய மருந்து மூலக்கூறுகள் உள்ளே நன்றாகப் போய்ச்சேர்ந்தன. 2015இல் வந்த இந்த ஆய்வு முயல்களில் செய்யப்பட்டது.

எல்லா முயற்சியும் பலிப்பதில்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்துக் கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மருந்தைத் தென்கொரியாவில் கடுமையான காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் பலன் தெரிந்தது, நிலைக்கவில்லை. கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டதால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

பலித்ததும் உண்டு. பெடாகுவிலின், பிரெட்டோமானிட் ஆகிய புதிய மருந்துகள் தூங்கும் கிருமியையும் தாக்கக்கூடியவை. இவை அடங்கிய ஆறு மாதச் சிகிச்சையை, பழைய மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு 2022 முதல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. முன்பு அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல்கூட ஆகும்.

வீட்டிலிருந்தே குணமாக முடியுமா?

முடியும். அதை உலகத்துக்கு நிரூபித்த ஊர் சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவர்கள் வீட்டிலும் வைத்துச் சிகிச்சை கொடுத்தது. வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெரிசலான வீடு, போதாத சாப்பாடு. இருந்தும், 1959இல் முடிவு வந்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் கூடுதல் ஆபத்து இல்லை என்பது பின்னர் உறுதியானது. இடத்தைவிட, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதே முக்கியம் என்று அது காட்டியது. இன்று நம் ஊர் கிளினிக்கில் தாதியர் முன்னிலையில் மாத்திரை விழுங்கச் சொல்வதன் வேரும் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு, சளியில் இரத்தம், இவற்றில் எது இருந்தாலும் அரசாங்கக் கிளினிக்கிற்குப் போங்கள். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே செய்வார்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். மலேசியாவில் நீரிழிவு அதிகம் காணப்படுவது நம் இந்தியர்களிடையேதான். இனிப்பு நீர் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பதும் காசநோய்ச் சிகிச்சையின் ஒரு பகுதி. புகைபிடிப்பதையும் விட்டுவிடுங்கள்.

மருந்து சாப்பிடும்போது சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்படாதீர்கள், அது ரிஃபாம்பிசினின் நிறம். ஆனால் கண் மஞ்சளானால், பார்வை மங்கினால், வாந்தி நிற்காவிட்டால், கை கால் மரத்தால் உடனே கிளினிக்கில் சொல்லுங்கள். மருந்தை மாற்ற வழி இருக்கிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மூச்சுப் பயிற்சி செய்தாலோ, ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைத்தாலோ கட்டிக்குள் இருக்கும் கிருமி சாகாது. இரத்தக் குழாயே இல்லாத இடத்துக்கு அந்தக் காற்று போய்ச்சேராது.

வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் மற்றவர்களும் பரிசோதனைக்குப் போக வேண்டும், முக்கியமாகக் குழந்தைகள். 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய் தடுப்புச் சட்டத்தின் கீழ், காசநோய் கண்டால் மருத்துவர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதிகாரிகள் வீடு தேடி வருவது உங்களைத் தண்டிக்க அல்ல, அடுத்தவருக்குப் பரவாமல் தடுக்கத்தான்.

கடைசியாக ஒன்று. லயத்து வீடுகளில் இருந்த காலத்தில் காசநோய் வந்தவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கிவைத்தார்கள். இந்த நோய் தட்டிலும் டம்ளரிலும் பரவுவதில்லை, காற்றில்தான் பரவுகிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், தொடக்க வாரங்களில் முகக்கவரி அணியச் சொல்லுங்கள். அவர் "நல்லாயிடுச்சு, மருந்து போதும்" என்று சொல்லும் நாள் வரும். அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும் கிருமியைப் பற்றி எடுத்துச் சொல்லி, அந்த மாத்திரையை விழுங்க வையுங்கள்.